மிஸ்ஸிடம் கேளுங்கள்: இரண்டு கிழமைக் கணக்கு

சென்ற இதழில் நிலாவெளி வாசகி ஒருவர், எத்தனை நாள் இருமினால் காசநோய்க்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டிருந்தார். "இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளியைக் காட்டுங்கள்" என்று நாலு வரியில் முடித்துவிட்டு, முடி உதிர்வுக்கு அரைப்பக்கம் எழுதினேன். கடிதம் வந்து குவிந்ததோ அந்த நாலு வரிக்குத்தான். எழுதியவர்களில் பலர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள், அல்லது அவர்களுடைய வீட்டார். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கு.

பெயர் எதுவும் போடவில்லை. சிலருக்கு ஊரையும் மாற்றிவிட்டேன். திருகோணமலையில் ஊரையும் தொழிலையும் சொன்னால், ஒரு பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

மிஸ், எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஐந்து வருடமாக ஒழுங்காகக் குளிசை போடுகிறேன். நீங்கள் எழுதிய இரண்டு கிழமைக் கணக்கு எனக்கும்தானா? இன்றைக்கு ஒன்பதாவது நாளாக இருமல். இன்னும் ஐந்து நாள் பார்ப்போம் என்று இருக்கிறேன். (மூதூர்ப் பக்கம்)

தம்பி, பார்க்க வேண்டாம். உங்களுக்கு அன்றைக்கே தனியாகப் பதில் போட்டுவிட்டேன். இதே கணக்கைப் போட்டுக்கொண்டு இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

இரண்டு கிழமை என்பது பொதுவான ஆட்களுக்கு. எச்.ஐ.வி. உள்ளவருக்கு நாள் கணக்கே இல்லை. இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்துக் கொட்டுதல். இந்த நாலில் ஒன்று இருந்தாலே, அது நேற்றுத் தொடங்கியது என்றாலும், காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். நீங்கள் கிளினிக் போகும் ஒவ்வொரு முறையும் இந்த நாலையும் கேட்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சனம் கூடிய நாளில் கேட்க மறந்துவிடலாம். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள்.

இந்த விஷயத்தில் பிழை விட்டவள் நான். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முந்திய காலம், அந்தப் பக்கத்துச் சனம் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்து வரும். நான் அப்போது வேலை செய்த இடத்துக்கு அப்படி ஒருவர் வந்தார். எச்.ஐ.வி. என்று தெரியவந்து கொஞ்ச நாள்தான். போகிற போக்கில், "இரண்டு நாளாய் ஒரு இருமல் மிஸ்" என்றார். சுவரில் இருந்த போஸ்டரைக் காட்டி, இரண்டு கிழமைக்கு மேல் போனால் வாருங்கள் என்றேன்.

சொன்ன சொல் தவறாமல் பதினைந்தாம் நாள் வந்தார். சேட் பொக்கற்றில் இருந்து ஒரு சிறு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். நாட்காட்டித் தாள்கள். நாளுக்கு ஒன்றாகக் கிழித்து, மூலையில் குண்டூசி குத்தி வைத்திருந்தார். "மிஸ், பதினாலும் முடிஞ்சுது." கழுத்தில் நெறி கட்டியிருந்தது. இடுப்பில் சாரம் நிற்காமல் மேலே ஒரு கயிறு கட்டியிருந்தார். ஆள் தப்பிவிட்டார், ஆறு மாத மருந்தையும் முடித்தார். ஆனால் முதல் ஒன்றரை மாதம் வார்ட்டில்தான் கிடந்தார். அந்தத் தாள்கள் இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன. அப்படியிருந்தும் போன மாதம் அதே வரியை எழுதியிருக்கிறேன் பாருங்கள். கைப்பழக்கம்.

ஏன் இந்த வித்தியாசம் என்றால், காசநோய்க் கிருமி உடம்புக்குள் வந்தவுடன் எல்லோருக்கும் வருத்தம் வருவதில்லை. உடம்பு அதைச் சுற்றிக் காவல் போட்டு ஒரு மூலையில் அடக்கி வைத்துவிடும். நீறு பூத்த நெருப்பு மாதிரி வருடக்கணக்கில் கிடக்கும். அந்தக் காவலில் முன்னுக்கு நிற்பவை சீடி4 என்ற கலங்கள். எச்.ஐ.வி. தேடித் தேடி அழிப்பதும் அதே கலங்களைத்தான். காவல் போனால் நீறும் பறந்துவிடும். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் உயிரை உலகத்தில் அதிகம் எடுக்கும் நோய் இன்றைக்கும் காசநோய்தான்.

இன்னொன்று. சளியைப் பார்த்து "இல்லை" என்று வந்தால் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். சீடி4 குறைந்தவருக்கு நுரையீரலில் காசம் இருந்தும் சளியில் கிருமி குறைவாக வரலாம், நுணுக்குக்காட்டியில் தெரியாமல் போகலாம். கழுத்து நெறி, வயிறு, மூளையின் உறை என்று வேறு இடத்திலும் ஒளிந்திருக்கலாம். எக்ஸ்ரேயும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேட் என்கிற பரிசோதனையும் கேளுங்கள்.

சளி கொடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். போத்தலில் அரைவாசி எச்சிலைத் துப்பிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நுரையாக, தண்ணியாக இருந்தால் அது எச்சில். விடிய எழும்பியதும் வாயைக் கொப்பளித்து, முற்றத்துக்குப் போய், இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, அடி நெஞ்சில் இருந்து இருமுங்கள். தடிப்பாக ஒரு தேக்கரண்டி வந்தால் போதும். குளியலறைக்குள் நின்று எடுக்க வேண்டாம். அடுத்துக் குளிக்கப் போகிறவருக்கு அந்தக் காற்றுத்தான் மிஞ்சும்.

காசநோய் வராமல் இருக்கக் குளிசை தரப்போகிறோம் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். எனக்கு இருமல் இல்லை. வைரஸும் "காணப்படவில்லை" என்றுதான் றிப்போர்ட். இல்லாத வருத்தத்துக்கு எதற்கு மருந்து? (திருகோணமலை நகரம்)

தங்கச்சி, உங்களைப் போல நல்ல றிப்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வருகிறது. எச்.ஐ.வி. குளிசையைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும். எத்தனை மணிக்குப் போடுவது, எந்த மாதம் இரத்தம் எடுப்பது, சீடி4 எத்தனை, விரல் நுனியில் வைத்திருப்பார்கள். ஆனால், "காசநோய்க்குத் தடுப்புக் குளிசை என்று ஒன்று இருப்பதை நீங்கள் சொல்லித்தான் கேள்விப்படுகிறேன் மிஸ்" என்பார்கள்.

உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது என்பது மதிப்பீடு. எங்கள் நாட்டில் வருடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேருக்குக் காசநோய் கண்டுபிடிக்கிறார்கள். பஸ்ஸில், கோவில் வீதியில், கல்யாண வீட்டில் யாருடைய மூச்சு எங்களுக்குள் வந்தது என்று யார் கண்டது? எச்.ஐ.வி. இல்லாதவருக்குத் தொற்றினால், நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக மாறும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அந்த ஆபத்து பத்து மடங்குக்கும் மேல். நீங்கள் போடும் எச்.ஐ.வி. குளிசை அதை மூன்றில் இரண்டு பங்கு அளவு குறைக்கிறது. பெரிய விஷயம்தான், ஆனால் மிச்சம் ஒரு பங்கு இருக்கிறது அல்லவா? தடுப்புக் குளிசை அதற்கு.

பழைய முறை, ஐசோனியாசிட் என்ற குளிசை நாளுக்கு ஒன்று, ஆறு மாதம். 1952இல் புழக்கத்துக்கு வந்த மருந்து, என்னைவிட மூத்தது. புதிய முறையில் அதோடு றிபபென்ரின் என்ற மருந்தையும் சேர்த்து, கிழமைக்கு ஒரு நாள் மட்டும், மூன்று மாதம். மொத்தம் பன்னிரண்டு தரம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை நீங்கள் போடும் மற்றக் குளிசைகளைப் பார்த்து டொக்டர் சொல்வார்.

தொடங்கும் முன் உங்களுக்கு இப்போது காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்துவார்கள். அந்த நேரம் இருமலை மறைக்காதீர்கள். நோய் இருக்கும்போது தடுப்பு மருந்தை மட்டும் விழுங்கினால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு வைத்தியம் பெரிய கரைச்சல்.

கை கால் விறைப்பு, உள்ளங்காலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு வரலாம். அது வராமல் இருக்க விற்றமின் பி6 சேர்த்துத் தருவார்கள். சின்னக் குளிசைதானே என்று அதை விட்டுவிடாதீர்கள். ஈரலையும் கவனிக்க வேண்டும். சாப்பாடு மனம் வராமல் சத்தி வந்தால், சிறுநீர் தேயிலைச் சாயம் போல இருண்டால், கண் மஞ்சளித்தால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போய்க் காட்டுங்கள். செங்கமாரி என்று கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். றிபபென்ரின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அது வேறு, அதற்குப் பயப்படத் தேவையில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவைக்கிறேன். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போடுகிறீர்களா? றிபபென்ரின் அதன் வேலையைக் குறைத்துவிடும். பிள்ளை வயிற்றில் இருந்தாலும் சரி, பிள்ளை வேண்டும் என்று நினைத்திருந்தாலும் சரி, முதலிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள்.

இரவில் வியர்த்தால் காட்ட வேண்டும் என்கிறார்கள். கச்சான் காற்று வீசும்போது எங்கள் ஊரில் யாருக்குத்தான் வியர்க்காது? (சாம்பல்தீவு)

கேட்டீர்களே ஒரு கேள்வி! இந்த நாலு அறிகுறியையும் வகுத்தவர்கள் ஆடி மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்க மாட்டார்கள்.

நான் கேட்கும் விதம் இதுதான். ஃபேன் சுற்றுகிறது, பக்கத்தில் படுத்தவர் சாதாரணமாக நித்திரை, உங்களுக்கு மட்டும் நடுச்சாமத்தில் பெனியனைப் பிழிய வேண்டியிருக்கிறதா? எழும்பி உடுப்பு மாற்றினீர்களா? தலையணையைத் திருப்பிப் போட்டீர்களா? ஆம் என்றால் அது கச்சான் இல்லை. பின்னேரமானால் உடம்பு சுடுகிறதா என்றும் பாருங்கள். எடைக்கு, கிளினிக் அட்டையில் போன முறை எழுதிய இலக்கத்தைப் பாருங்கள். அட்டை கையில் இல்லாவிட்டால் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டீர்களா என்று யோசியுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் போய்க் காட்டுங்கள். வெயில் வியர்வையாக இருந்தால் நஷ்டம் ஒரு பஸ் காசு.

வெளிநாட்டில் இருந்து வந்த தம்பிக்குக் காசநோய். மருந்து தொடங்கும்போது இரத்தம் சோதித்ததில் எச்.ஐ.வி.யும் இருப்பது தெரிந்தது. உம்மா அவனுடைய கோப்பை, பீங்கான், பாய் எல்லாவற்றையும் புறம்பாக்கி வைத்திருக்கிறா. அறை யன்னலையும் பூட்டிவிட்டா, குளிர் பிடிக்குமாம். நோன்பும் வருகிறது. எங்கள் எல்லோருக்கும் தொற்றுமா? (கிண்ணியா)

உம்மாவின் கையைப் பிடித்து அந்த யன்னலடிக்குக் கூட்டிப்போங்கள். முதலில் அதைத் திறக்கட்டும். எதிர்ப்பக்கக் கதவையும் திறந்துவிட்டால் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். காசநோய் காற்றால் பரவுவது. இருமும்போதும் பலமாகக் கதைக்கும்போதும் வரும் நுண்ணிய துளிகள் பூட்டிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். வெயில் பட்டால் கிருமி செத்துப்போகும். கடல் காற்றும் வெயிலும் கிண்ணியாவில் காசு கொடுத்து வாங்குவதில்லையே. நுளம்புக்குப் பயமென்றால் யன்னலுக்கு வலை அடியுங்கள். பலகை அடிக்க வேண்டாம்.

கோப்பையும் பீங்கானும் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவற்றால் காசமும் பரவாது, எச்.ஐ.வி.யும் பரவாது. வழக்கம்போலக் கழுவி ஒரே தட்டில் அடுக்குங்கள். புறம்பாக்கிய கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிற பிள்ளை எத்தனை நாளைக்கு மருந்து குடிக்கும் என்று உம்மாவிடம் கேளுங்கள்.

முதல் கிழமைகளில் தம்பி தனி அறையில் படுக்கட்டும், ஆட்களோடு இருக்கும்போது அவன் மாஸ்க் போடட்டும். மருந்து வேலை செய்யும் வகைக் காசமென்றால், ஒழுங்காக எடுக்க இரண்டு கிழமை அளவில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் மருந்து ஆறு மாதத்துக்கும் வேண்டும். இந்தக் கிருமி ஒரு தரம் இரண்டாகப் பெருகவே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுக்கும். மெதுவாக வளர்வதைக் கொல்வதும் மெதுவாகத்தான். வீட்டில் உள்ள அத்தனை பேரும் நெஞ்சு நோய் கிளினிக்கில் பரிசோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களை முதலில் கொண்டுபோங்கள், அவர்களுக்கும் தடுப்பு மருந்து உண்டு.

நோன்பு விஷயம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்பதை மௌலவி என்னைவிட நன்றாகச் சொல்வார். எனக்குத் தெரிந்தது மருந்துப் பக்கம். காசநோய் மருந்துகளில் ஒன்றான றிபாம்பிசின், டொலூடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் பலத்தைக் குறைக்கும். அதனால் வழக்கமாக நாளுக்கு ஒன்று போடுவதை இரண்டாக்குவார்கள், பன்னிரண்டு மணி இடைவெளியில். ஸஹருக்கு ஒன்று, நோன்பு திறந்தபின் ஒன்று என்று நீங்களாக நேரம் வகுக்காமல், தலைப்பிறைக்கு இரண்டு கிழமை முந்தியே டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். உடம்பு இவ்வளவு மெலிந்திருக்கும்போது இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்று அவர் சொன்னால், கேளுங்கள்.

தடுப்புக் குளிசை போடும்போது சாராயம்? (பெயரும் ஊரும் வேண்டாம்)

வேண்டாம். ஈரல் ஒன்றுதான் இருக்கிறது. விடவே முடியாத அளவுக்குக் குடி என்றால், அதை டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார், ஆனால் மருந்தைப் பார்த்துத் தருவார்.

பிறந்தவுடன் எனக்கு பி.சி.ஜி. ஊசி போட்டிருக்கிறது, கையில் தழும்பும் உண்டு. பிறகும் காசம் வருமா? (உப்புவெளி)

வரும். குழந்தைகளுக்கு மூளைக்காசம் போன்ற பயங்கரமானவை வராமல் தடுப்பதுதான் அந்த ஊசியின் பெரிய உதவி. வளர்ந்தவரின் நுரையீரலுக்கு அதை நம்பி இருக்க முடியாது. எச்.ஐ.வி. உள்ள பெரியவர்கள் இன்னொரு தரம் போட்டுக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது, அது உயிருள்ள கிருமி.

எச்.ஐ.வி. கிளினிக் போவதையே மறைத்து மறைத்துப் போகிறேன். இப்போது நெஞ்சு நோய் கிளினிக்குக்கும் போகச் சொல்கிறார்கள். யாராவது கண்டால்? இரண்டு இடத்திலும் என் வருத்தத்தைச் சொல்ல வேண்டுமா? (பாலையூற்று)

அம்மா, உங்கள் பயத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வைத்தியசாலையில், பெயர் வேண்டாம், ஒரு பெண்ணின் கடிதத்தைப் பிரித்து வாசித்த ஊழியர் ஒருவர், "இது அந்தக் கிளினிக் கேஸ், அங்கே இருங்கோ" என்று வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனவர் ஏழு மாதம் திரும்பி வரவில்லை. நான் அந்த ஊழியரோடு சண்டை பிடித்தேன், அதனால் அந்தப் பெண்ணுக்கு என்ன பிரயோசனம்? அப்படி உங்களுக்கு நடந்தால், பொறுப்பான டொக்டரிடம் முறைப்பாடு செய்ய உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஆனால் நெஞ்சு நோய் கிளினிக்கை யாராவது காண்பதற்குப் பயப்பட வேண்டாம். மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது, அங்கே இழுப்புக்காரரும் வருவார்கள், நாள்பட்ட சளிக்காரரும் வருவார்கள். யாராவது கண்டு கேட்டால் "எனக்கு முட்டு, இழுப்பு" என்று சொல்லுங்கள். ஒருவரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள், தங்கள் இழுப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

டொக்டரிடம் மட்டும் மறைக்காதீர்கள். மேலே கிண்ணியாப் பிள்ளைக்கு எழுதியதைப் படியுங்கள். ஒரு கிளினிக்கின் மருந்து மற்றக் கிளினிக்கின் மருந்தைக் கெடுக்கும். ஒட்டிய உறைக்குள் கடிதம் கேளுங்கள், டொக்டரின் கையில் நேராகக் கொடுங்கள். காத்திருக்கும்போது யன்னலோரக் கதிரையாகப் பார்த்து இருங்கள், அல்லது முறை வரும்வரை வெளியே மர நிழலில் நில்லுங்கள். முன்னுக்கு இருப்பவரின் இருமல் உங்களுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் ஆகாது.

பக்கத்தை முடித்து அனுப்பப் போகும் நேரம் மூதூர்த் தம்பி போன் எடுத்தார். பத்தாவது நாளே போயிருக்கிறார். எக்ஸ்ரே சுத்தம், ஜீன்எக்ஸ்பேட்டிலும் இல்லை, இருமலும் நின்றுவிட்டதாம். அடுத்த மாதம் தடுப்புக் குளிசை தொடங்குகிறார்கள். "மிஸ், நடுவில மச்சானின்ட கல்யாணம் ஒண்டு வருது, ஒரேயொரு நாள்..." என்று இழுத்தார். ஐந்தாவது கேள்வியைப் படியுங்கள் தம்பி என்று சொல்லிப் போனை வைத்தேன்.